உச்சாணி விட்ட பால்

கட்டுமானத் தளத்தில் அவரை எல்லோரும் ‘உச்சாணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரும்புக் கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் ஆட்களின் தலைக்கு மேலே நகர்த்துவது அவர் வேலை. காலையில் ஏணியேறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். அதுவரை துணை, பிளாஸ்க் நிறையக் காபி.

அந்தக் கூண்டுக்கே இப்போது ஆபத்து வந்திருந்தது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு எகிறியிருந்தது. அண்ணனை நெஞ்சுவலி கொண்டுபோன வயதும் நெருங்கியிருந்தது. தளத்து மருத்துவரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்:

“மேல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கீழ நிக்கிறவங்க கதி? அடுத்த டெஸ்ட்ல குறையலைன்னா கிரேனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

உச்சாணி பொரித்ததை ஒதுக்கினார். சாயங்காலம் வேர்க்க விறுவிறுக்க நடந்தார். காபிக்குப் பாலையும் நிறுத்தினார். ஆனால் கறுப்புக் காபி தொண்டையில் இறங்கவில்லை. தளத்துக் கடையில் கிரீமர் பொடி கிடைத்தது. ‘பால் சேர்க்காதது’ என்று உறையில் கொட்டை எழுத்து. அதற்கு மேல் என்ன வேண்டும்? கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கினார்.

அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இன்னும் ஏறியிருந்தது.

“யாரோட சேர்ந்து என்னத்தத் தின்னீங்க?” மனைவி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். பஸ் டிப்போவில் டிக்கெட் சோதிப்பவள். பொய்யை வாசனையிலேயே பிடிப்பவள்.

“சத்தியமா ஒண்ணும் தின்னலடி.”

“அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?”

“நான் சொல்றேனா?”

மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். தளத்து வாசலில் அவள் தம்பி நின்றிருந்தான். சின்ன கிரேன் ஓட்டுபவன். மாமா இறங்கினால் அடுத்து ஏறப்போவது அவன்தான்.

“கவலப்படாதீங்க மாமா. மேல காத்து எப்படி அடிக்குதுன்னு தினம் போன் பண்றேன்.”

“வாய மூடுடா,” என்றாள் அக்கா. உச்சாணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“காபிக்கு?”

“நீங்க சொன்னபடியே பாலை விட்டுட்டேன்.”

“என்ன பால் விட்டீங்க?”

“அதான் விட்டுட்டேனே!”

“விட்டது எந்தப் பாலுன்னு கேக்கறேன்.”

“ஐயோ டாக்டர், பாலையே விட்டுட்டேன். தொடறதே இல்ல!”

மருத்துவரம்மாவின் பேனா நின்றது. “கொழுப்பு எடுத்த பாலா விடுங்கன்னுல்ல சொன்னேன்?”

முதல் தடவை அவர் சொன்ன அன்று, ஜன்னலுக்கு வெளியே அஸ்திவாரத் தூண்களை அறையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாக்கியத்தின் முன்பாதியை அது விழுங்கிவிட்டது. ஊற்றச் சொன்னதை, நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன்.

“பாலே இல்லைன்னா காபி எப்படி வெள்ளையா இருக்கு?” மனைவி விடவில்லை. உச்சாணி பையிலிருந்து பொடியை எடுத்து நீட்டினார். மருத்துவரம்மா உறையின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

“பால் இல்லதான். பதிலுக்கு வனஸ்பதி மாதிரி இறுக வச்ச எண்ணெயும் சர்க்கரையும் இருக்கு.”

“காபியில எண்ணெயா ஊத்திக் குடிச்சேன்?”

“எல்லாம் இதனாலதான்னு சொல்ல மாட்டேன். உங்க குடும்பத்துலயே இருக்கு. மாத்திரை தரேன். இதைத் தூக்கிப் போடுங்க. கொழுப்பு எடுத்த பால், இல்லைன்னா சர்க்கரை சேர்க்காத சோயா, ஓட்ஸ் பால். இனிப்புக்குப் பழகின நாக்குக்கு ஒரு சிட்டிகை பட்டைத்தூள் போதும்.”

“அப்ப கையெழுத்து?”

“இப்ப இல்ல.”

மச்சினன் மேலே ஏறினான். உச்சாணி கீழே நின்று கொடியசைத்துச் சைகை காட்டினார். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. சுமை ஒவ்வொரு முறை ஊசலாடும்போதும் அவர் விரல்கள் இல்லாத நெம்புகோலைத் தேடின. இந்தக் கூண்டு இனி நமக்கில்லையோ என்ற எண்ணம் சோற்றைக்கூட இறங்கவிடவில்லை.

வீட்டில் காபி தினம் ஒரு சோதனை. ஓட்ஸ் பாலைக் குடித்துவிட்டு, “சட்டி கழுவின தண்ணியாடி இது?” என்றார்.

“அண்ணாந்து பாத்துட்டே குடிங்க. இறங்கும்.”

கடைசியில் கொழுப்பு நீக்கிய பாலும் பட்டையும் ஒத்துப்போயின. நடையும் மாத்திரையும் தொடர்ந்தன.

அடுத்த பரிசோதனையின் முடிவு வந்த நாள் மருத்துவரம்மா தாளைப் படித்த நேரம் முழுக்க, மனைவி உச்சாணியின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

“இறங்கியிருக்கு. இன்னும் இறங்கணும். ஆனா ஏறலாம்.”

மறுநாள் காலை உச்சாணி ஏணியில் நிதானமாக ஏறினார். மச்சினன் தன் நீளக் காலுக்காகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்த இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். கீழே இப்போது கொடியோடு நின்றவன் அவன். வாக்கிடாக்கியில் குரல் வந்தது.

“மாமா, தூக்கலாமா?”

“மொதல்ல நீ தள்ளி நில்லுடா.”