முதல் தட்டு நைனாவுக்கு

எங்கள் தெருவிலேயே துரையின் பங்களாவில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே மனிதர் என் நைனாதான். எட்டு வயதில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்க நேரமில்லை என்றவர்களையும் நிறுத்திவைத்துச் சொன்னேன்.

அடையாற்றில், ஆற்றைப் பார்த்த ஒரு பங்களாவில் நைனா தோட்டக்காரர். யுத்த காலம். ஐப்பசி மழை ஒரு வாரம் கொட்டி ஓய்ந்த மறுநாள், அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். வாசல் புல்வெளியில் வெள்ளை வெளேரென்று காளான்கள் வட்டமாக முளைத்திருந்தன. துரை முழங்காலிட்டு ஒன்றைப் பறித்து, கவிழ்த்துப் பார்த்து, முகர்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஊர்ப் புல்லிலும் இதே மாதிரி முளைக்குமாம், வெண்ணெயில் வதக்கித் தின்பார்களாம். மறுநாள் பங்களாவில் விருந்து. அதுவும் இதுவும் ஒன்றுதானா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.

பட்லர் நைனாவைக் கூப்பிட்டார். "இன்னாபா, இத்தத் துன்னலாமான்னு தொர கேக்கறாரு."

நைனா தலையைச் சொறிந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க நைனாக்குத் தெரியாத காளானே கெடையாது. அது கொணாந்துதான் எங்க வூட்ல கொழம்பு வெப்பாங்க."

அது பொய்யும் இல்லை. கறையான் புற்றில் முளைக்கும் காளானை நைனா கொண்டுவருவார், நாங்கள் தின்போம். புற்றுக் காளான் வேறு, புல்லில் முளைக்கும் நாய்க்குடை வேறு என்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

பட்லர் சிரித்துக்கொண்டே அதைத் துரையிடம் சொன்னார். துரை என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். "மொதத் தட்டு உனக்குத்தானாம்பா," என்றார் பட்லர் நைனாவிடம், இந்த முறை சிரிக்காமல்.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு, "சரி," என்றார்.

வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டார்கள். பீங்கான் தட்டில் வெண்ணெய் மணக்க வந்ததை நைனா மிச்சம் வைக்காமல் தின்றார். எழுந்திருக்கப் போனவரைத் துரை விடவில்லை. அடிக்கடி வந்து கடிகாரத்தைப் பார்த்தார், நைனாவின் முகத்தைப் பார்த்தார், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கலெக்டருக்குக்கூட இப்படி உபசாரம் நடந்திருக்காது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு அம்மா பங்களாவுக்கு ஓடினாள். புருஷன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்க்கத்தான் இத்தனை அவசரம் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். விளக்கு வைக்கும் நேரம்வரை கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைனா தன் காலால் நடந்து வெளியே வந்ததும், நடுத்தெருவில் அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்து அழுதாள். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் விருந்து நடந்தது. காளானை எல்லோரும் புகழ்ந்தார்களாம்.

எனக்கே பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் நைனாவைக் கேட்டேன், அது நல்ல காளான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று.

"யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அப்பறம் இன்னாத்துக்குத் துன்னே?"

"எனக்குத் தெரியும்னு அத்தினி பேர் முன்னாடி நீ சொல்லிட்டியே. உன்னப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?"

எட்டு வயதில் எனக்கு அந்த நாற்காலி மட்டும்தான் தெரிந்தது.