தறியை நிறுத்தி எடுத்த படங்கள்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதல் வேலையாகத் தறியை நிறுத்துவார் அப்பா. தறிச் சத்தத்தில் "வாங்க" என்று சொன்னால் வந்தவர் காதில் விழாது. காதில் விழாவிட்டால் சோமனூரில் அது வரவேற்பே அல்ல. இதனால், தறி ஓட்டுகிறவர்களைப் படமெடுக்க ஈராக்கிலிருந்து வந்த அம்மையார் எங்கள் தறி ஓடிப் பார்க்கவே முடியவில்லை.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்களிடம் துணி எடுக்கும் கோயமுத்தூர் பாய்தான் அவரை அழைத்து வந்தார். வளைகுடாவில் கடை வைத்திருந்தவர், அரபி பேசுவார். அந்த அம்மையார் தன் ஊரில் சண்டை நடந்த காலமெல்லாம் பத்திரிகைக்குப் படமெடுத்தவராம். பிணங்களை எடுத்து அலுத்துப்போய், இப்போது ஊர் ஊராக வேலை செய்கிறவர்களை எடுக்கிறாராம்.

அவர் வந்தால் அப்பா மோட்டாரை அணைக்க ஓடுவார். அம்மா கூறைப்புடவைக்கு மாறி, பவுடர் பூசி வருவாள். பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி வரிசையாக நிற்போம். அவரும் மரியாதைக்கு ஒரு படம் எடுத்துவிட்டு, காப்பி குடித்துப் போவார். மறுநாளும் அதே கதை.

ஒருநாள் அப்பா தறிக்குப் பாவு நூல் எடுத்துவரப் போயிருந்தபோது, அம்மையாரும் பாயும் சொல்லாமல் வந்துவிட்டார்கள். அம்மா அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அம்மையார் அப்படியே படமெடுத்து, அதைக் கேமராவின் பின்பக்கத் திரையில் எங்களுக்குக் காட்டினார். நைட்டியின்மேல் அப்பாவின் பழைய சட்டை. தலையெல்லாம் பஞ்சு. தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருக்கும் வாய். அம்மா இத்தனை அழகென்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்டுப் பொம்பளைய இந்தக் கோலத்துலயா ஊரு பாக்கோணும்? அழிச்சுப்போடச் சொல்லுங்க."

அம்மையார் நெடுநேரம் ஏதோ சொன்னார். பாய் அதைத் தமிழில் சொன்னார்: "குண்டு விழுந்து செத்தவங்க ஊட்டாளுங்க இவங்ககிட்டப் படங் கேட்டு வருவாங்களாம். அவங்ககிட்ட இருந்த படமெல்லாம் கல்யாணத்துல எடுத்ததாம். 'இது எங்கம்மா மாதிரி இல்லையே'ன்னு அழுவாங்களாம்."

"அதுவுஞ் சரித்தானுங்க," என்றார் அப்பா. "ஆனா இது வேண்டாமுங்க."

அம்மையார் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அவிய சொல்றபடியே இருக்கட்டுமுங்க," என்றாள். பிறகு மெதுவாக, "அழிக்கறதுக்கு முன்னால இன்னொருக்கா காட்டச் சொல்லுங்க பாய்."

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். போதும் என்று தலையசைத்தாள். அம்மையார் பொத்தானை அமுக்கினார்.

போன ஆடியில் அம்மா போய்விட்டாள். கூடத்தில் மாலையோடு இருப்பது, அந்த அம்மையார் எங்களுக்கு அனுப்பிவைத்த கூறைப்புடவைப் படம்தான். அப்பா அதன்முன் நின்று, "உங்கம்மா சாடையே இல்லையே கண்ணு" என்கிறார். அம்மையார் இப்போது பெரிய பெயர். அவர் படங்களையெல்லாம் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். ரொட்டி சுடுகிறவள் இருக்கிறாள், வலை பின்னுகிறவன் இருக்கிறான். எங்கள் வீடு இல்லை. அன்றைக்கு நிஜமாகவே அழித்திருக்கிறார்.

அம்மா எதற்காக இரண்டாம் தரம் பார்க்கக் கேட்டாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. படம் எவ்வளவு மோசமாக இருக்கிறதென்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.