உடைந்த கரையில் மாமா சொன்ன பதில்

என் பேரன் இஞ்சினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். இப்போதெல்லாம் ஆள் எடுப்பவர்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தபடியே கேள்வி கேட்கிறார்கள். இவனும் மேலே தேய்த்த சட்டை, கீழே கைலி என்று கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொல்கிறான். இந்த வீட்டு வகையறாவில் முதல் இஞ்சினியர் தான்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. இல்லை. முதல் இஞ்சினியர் என் தாய்மாமா. அவரிடம் வேலைக்குக் கேள்வி கேட்ட அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றவள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரம் ஒன்றும் இல்லை.

வாலிநோக்கத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். அய்யாவுக்கு உப்பளத்தில் வேலை. மாமா அம்மாவுக்குத் தம்பி, எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். மதுரையில் தங்கிப் படித்தார். கரை, பாலம், கட்டடம் இவற்றைக் கட்டுகிற படிப்பு. ஊருக்கு அதெல்லாம் தெரியாது. இஞ்சினியர் என்றால் ஓடாததை ஓடவைக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, தையல் மிஷினையும் லாந்தர் விளக்கையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வீட்டுப் பெரியம்மா தன் ரேடியோவை அவர் மடியிலேயே வைத்துவிட்டாள்.

"ஏலே இஞ்சினியரு, கரகரங்குது. என்னன்னு பாரு."

"அது வேற படிப்பு பெரியம்மா."

"இதுவும் தெரியலைன்னா மதுரையில போயி என்னத்தலே படிச்ச?"

அம்மா அடுப்படியில் இருந்தே சொன்னாள்: "அவன் கட்டுற பாலத்துல ஒருநா நீங்க நடந்து போவீக, அப்பக் கேளுங்க." எங்கள் அம்மா யாருக்கும் பதில் பாக்கி வைத்ததில்லை. எனக்கு அந்த வாய்தான் வந்திருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

படிப்பு முடிந்து ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் வந்துபோய்விட்டது. வேலை வரவில்லை. உப்பளத்தில் கடலோரக் கரை அடிக்கடி உடைகிறது, அதைப் பார்க்க ஒரு இஞ்சினியர் வேண்டுமாம் என்று அய்யாதான் சேதி கொண்டுவந்தார். இதுவும் இல்லையென்றால் சொந்தக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடுவேன் என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்று காலையில் அம்மா ஒரு சேவலைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்து வைத்தாள். வேலை கிடைத்தால் மதியம் குழம்பு.

அய்யாவுக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொண்டுபோவது அப்போது என் வேலை. உப்பளத்தில் வாயில் வைக்கிற தண்ணீர் கிடையாது. ஊருணித் தண்ணீர் ஒரு செம்பு நிறையப் போகும். அன்றைக்கு மாமாவோடு சேர்ந்து போனேன். அவரைத் தவிர இரண்டு பேர் அந்த வேலைக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேர் காலிலும் பூட்ஸ். உப்பளத்து அதிகாரி யாரையும் அறைக்குள் கூப்பிடவில்லை. நேரே கரை உடைந்த இடத்துக்குக் கூட்டிப்போய், இதை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டார்.

முதல் ஆள் கல் அடுக்க வேண்டும் என்றார். இரண்டாவது ஆள் கரையை இன்னும் உயர்த்த வேண்டும் என்றார். கேட்டவர் வாயை மூடுமுன் சொன்னார்கள். எனக்கே மலைப்பாக இருந்தது. மாமா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மண்ணை அள்ளிப் பிசைந்தார், கரையின் அடியில் கை விட்டுத் துழாவினார். மேலே ஏறி வந்து, தண்ணீர் கரையைத் தாண்டி வந்து உடைத்ததா, அடியில் அரித்து உடைத்ததா என்று அவர் அதிகாரியைக் கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றார் அதிகாரி.

"அப்ப எனக்குத் தெரியாதுங்க சார். அமாவாசைக்குக் கடல் ஏறும். அன்னைக்கு இங்கன உக்காந்து பாத்தாத்தான் சொல்ல முடியும். இப்பச் சொன்னா சும்மா சொன்னதாப் போயிரும்."

பூட்ஸ்காரர்களில் ஒருவர் சிரித்தார். தூரத்தில் மண்வெட்டியோடு நின்ற அய்யா தலையைக் குனிந்துகொண்டார். மாமா என் பக்கம் வந்தார், செம்பை வாங்கினார், அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை. அய்யாவின் தண்ணீர்!

கஞ்சியை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அம்மாவும் பெரியம்மாவும் காத்திருந்தார்கள். கண்டதைக் கண்டபடி சொன்னேன்: "மாமா தெரியாதுன்னுட்டாரு. அய்யா தண்ணியவும் குடிச்சுட்டாரு."

பெரியம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அம்மாவைக் கொன்றது. அவள் போய்க் கூடையைத் தூக்கினாள். சேவல் இறக்கையை உதறிக்கொண்டு தெருப்பக்கம் ஓடியது. மாமா வந்ததும் மளிகைக் கடைக்குப் போக ஒரு பையில் துணியை மடித்து வைத்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "சும்மாவாச்சும் எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா தம்பி" என்று அழுதாள். மாமா பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

சாயங்காலம் அய்யா உதடு வெடிக்க வந்து, முதலில் தண்ணீர் குடித்தார். பிறகுதான் பேசினார். "அந்த ரெண்டு பேரையும் அனுப்பிட்டாக. ஒம் மச்சினன அமாவாசைக்கு வந்து உக்காரச் சொல்லுன்னாரு அதிகாரி. கேலியா நெசமான்னு தெரியல."

அமாவாசைக்கு மாமா போனார். கரையின் உள்பக்கம் குச்சி நட்டு வைத்து, கடல் ஏற ஏற எங்கே முதலில் ஈரம் கசிகிறது என்று பார்த்தாராம். தண்ணீர் கரையைத் தாண்டவே இல்லை. அடியில் நண்டு வளை, வளை வழியாகத் தண்ணீர். கரையை அடிவரைக்கும் வெட்டி, நடுவில் களிமண் இறுக்கி எழுப்பினார்கள். அது நின்றது. மாமாவுக்கு வேலையும் நிலைத்தது. அங்கிருந்து பாலம் கட்டப் போனவர், பெரிய இஞ்சினியராகத்தான் ஓய்வு பெற்றார். தப்பித்த சேவலை அம்மா தெருத் தெருவாக விரட்டிப் பிடித்துக் குழம்பு வைத்தாள். பெரியம்மா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது.

நான் சொன்னதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். கேட்டதைச் சொன்னேன், பார்த்ததைச் சொன்னேன்.

போன வாரம் பேரன் கதவைத் திறந்து வெளியே வந்தான். ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டானாம். சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, நின்ற நிலையில் முழுவதும் குடித்தான். நான் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று கரைமேல் மாமாவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதனால் வெயிலில் தாகம் எடுத்துத்தான் குடிக்கிறார் என்று நினைத்து, அய்யா தண்ணீருக்காக அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.