சாவியை அவர் கையால்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்க மிச்சமிருந்தது அவருடைய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி, கப்பலில் கொண்டுவந்தது. ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் அதை ஸ்டார்ட் செய்து, துடைத்து, உறை போட்டு மூடுவார். அந்த அக்கறையில் பாதிகூட என்மேல் இல்லை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

வந்த புரோக்கர்கள் எல்லாரும், "பார்ட்ஸ் கிடைக்காது மேடம், காயலாங்கடை ரேட்தான்" என்றார்கள்.

கடைசியாகத் தொம்மலூரிலிருந்து ஒருவர் வந்தார். என்ஜினைப் பார்த்தார். டிக்கியைத் திறந்தார். காரோடு வந்த ஸ்பேனர்கள் துரு இல்லாமல் அதே பையில் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் பத்திரமாக வைத்தார்.

"எவ்வளவானாலும் சரி, இன்னைக்கே குடுங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா, ஏமாத்திடுவாங்க" என்றவர், புரோக்கர்கள் சொன்னதைவிடப் பல மடங்கு விலை சொன்னார். அன்றே பணத்தைக் கொடுத்தார். வண்டியை மட்டும் எடுக்கவில்லை. "அண்ணன் எழுந்து வரட்டும். சாவியை அவர் கையால வாங்கிக்கறேன்."

அந்த வாரமே டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்தேன். என் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்க வைத்தேன். சாவியில் சூடு ஏறும்வரை என் கையால் மூடிக்கொண்டிருந்தேன்.

விஷயம் கேட்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற தொம்மலூர்க்காரரிடம் நீட்டினேன். "அவர் கையாலதான் குடுக்கறார்" என்றேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அத்தனை வருஷத்தில், அவர் அந்த ஸ்பேனர்களைக் காத்துவைத்திருந்த டிக்கியை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.