புல் விழுங்கிய துப்பாக்கி

என் மனைவி வெர்னா ஒரு நல்ல செய்தியை வெளியில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதற்குள் அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பிரசவ வலியைக்கூட அவள் இன்னும் அமைதியாகத் தாங்கினாள்.

வெர்னா முன்பு எங்கள் ஊர் அழகு நிலையத்தில் தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். மொன்டானா மாநிலத்தின் இந்தக் கோடியில் ஒரு பெண் சாயம் போட்டிருக்கிறாள் என்று அடுத்தவளுக்குத் தெரிந்தால் அது சாயமே இல்லை. வெர்னா கை வைத்த தலைகள் அப்படியே இயற்கையாக இருக்கும். அதனால் அவளை யாரும் பாராட்டியதும் கிடையாது. எப்படிப் பாராட்டுவார்கள்? பாராட்டினால் குட்டு உடைந்துவிடும்.

ஒருநாள் நான் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம், இங்கே பாதி வீடுகளில் இருப்பதுதான். உடம்பெல்லாம் கீறல், ஓரங்களில் கறுப்பு உரிந்து வெளுத்திருந்தது. யாரோ மோசமாகச் சாயம் போட்டு அனுப்பிய தலையைப் பார்ப்பதுபோல வெர்னா அதைப் பார்த்தாள். "இதை இப்படியே வெச்சிருக்கப் போறியா? எனக்குப் பாக்கவே கூசுது" என்றாள். அன்றைக்குப் பிடித்தது பித்து.

பக்கத்து நகரத்துக்குப் போய்த் துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தாள். கார் நிறுத்தும் கொட்டகை பட்டறையானது. என் கார் மழையிலும் பனியிலும் நிற்கத் தொடங்கியது, இன்றுவரை நிற்கிறது. துப்பாக்கியைப் பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, மணல் ஊதிச் சொரசொரப்பாக்கி, பீங்கான் கலந்த பூச்சைத் தெளித்து, அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். சுட்டால்தான் பூச்சு கல்லாக இறுகும். முதல் துப்பாக்கியை எங்கள் சமையலறை அடுப்பிலேயே சுட்டுவிட்டாள். அந்த வாரம் அவள் செய்த ஆப்பிள் கேக்கை வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டதோடு சரி. பிறகு தனி அடுப்பு வந்தது.

பூச்சோடு நிற்கவில்லை. யாருக்கு எந்தக் கைப்பிடி உறுத்தாது, எந்தத் தொலைநோக்கி பொருந்தும், படுத்துச் சுடுபவருக்கு முன்னால் மடக்கும் கால் வேண்டுமா, எல்லாம் பார்த்துப் பார்த்து மாட்டுவாள். மருந்துக்கடைக்காரர் மகளுக்குக் கத்திரிப்பூ நிறம். கோதுமை விவசாயி ஒருவருக்கு அவருடைய டிராக்டரின் பச்சையும் மஞ்சளும். ஒவ்வொன்றும் அடுப்பிலிருந்து வெளியே வரும்போது என்னைக் கூப்பிடுவாள். நான் பாதிச் சோற்றில் இருந்தாலும் எழுந்து ஓட வேண்டும்.

ஊரே பாராட்டினாலும் அவளுக்கு வேண்டியது ஒருவருடைய பாராட்டுத்தான். அவளுடைய அண்ணன் ஆர்லோ. ஊருக்கு வடக்கே ஆடுமாடு வளர்க்கிறார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை பிடுங்குவது லேசில் நடக்காது. எங்கள் கல்யாணத்தன்று தங்கையைப் பார்த்து அவர் சொன்னது, "நேரத்துக்கு வந்துட்டியே" என்பது. துப்பாக்கி என்றால் கறுப்பு, வர்ணம் பூசுவதெல்லாம் குழந்தைகள் விளையாட்டு என்பது அவர் கட்சி.

ஆனால் போன இலையுதிர் காலத்தில் கயோட்டி நரிகள் அவருடைய ஆட்டுக்குட்டிகளைத் தூக்க ஆரம்பித்தன. காய்ந்த புல்லில் கறுப்புத் துப்பாக்கியோடு படுத்தால் அவை தூரத்திலேயே கண்டுகொண்டு ஓடிவிடுகின்றன. வேறு வழியில்லாமல், போர்வையில் சுற்றி, வேண்டாவெறுப்பாகத் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வெர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுடைய மேய்ச்சல் நிலத்துக்கே போய் அந்தச் சரிவின் புல், மண்கட்டி, சாம்பல் நிறச் செடிக் கொம்பு எல்லாவற்றையும் அள்ளி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். புல்லின் அடித்தண்டில் ஒரு மஞ்சள், நுனியில் வேறு மஞ்சள் என்று என்னிடம் சண்டை பிடித்தாள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் சண்டை நடந்தது. குழாய், தொலைநோக்கி, மடக்குக்கால் எல்லாவற்றுக்கும் அந்தப் புல் நிறப் பூச்சு. தோள்வார் மட்டும் ஆர்லோவின் பழைய தோல்வாரே, வியர்வையில் ஊறியது.

ஆர்லோ வந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "ம். பெயிண்டு ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதே போர்வையில் சுற்றிக்கொண்டு போனார். வெர்னா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்து அடுப்பில் வைத்துச் சுடலாம் என்று இருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் ஆர்லோ வந்து நின்றார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எதையோ பூசிக் கெடுத்துவிட்டோமோ என்று வெர்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன். "துப்பாக்கியைக் காணோம்."

"திருட்டுப் போச்சா?"

"இல்ல. வெச்சேன். வெச்ச இடத்துலதான் இருக்கு. எனக்குத்தான் தெரியல."

விஷயம் இதுதான். சரிவில் காத்திருந்தபோது கீழே ஒரு கன்று முள்கம்பியில் காலை மாட்டிக்கொண்டு கத்தியிருக்கிறது. தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை மடக்குக்காலில் நிறுத்திவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். கன்றை விடுவித்துவிட்டுத் திரும்பினால் புல்தான் இருக்கிறது. நேற்று முழுக்கத் தேடியிருக்கிறார். இன்று ராத்திரி பனி கொட்டப் போகிறது. கொட்டினால் வசந்தம் வரைக்கும் துப்பாக்கி அதற்கடியில்தான்.

வெர்னாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "தெரியலயா? உனக்கே தெரியலயா?" என்றாள். சிரிப்பை அடக்க என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆர்லோ பல்லைக் கடித்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் லைல் என்ற ஒருவருடைய லாரி, அவர் பிரேக் போட மறந்ததில் குளத்துக்குள் உருண்டது. அவர் பேரன் எடுத்துவிட்டார், இன்றைக்கும் அவர் பெயர் 'படகு' லைல். சொந்த நிலத்தில், பட்டப்பகலில் துப்பாக்கியைத் தொலைத்தவனை இந்த ஊர் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று பேரும் கை எட்டும் தூரத்தில் வரிசையாகச் சரிவை ஏறி இறங்கினோம். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆர்லோ திட்டிக்கொண்டே நடந்தார். வெர்னாவோ திருவிழாவுக்கு வந்த மாதிரி நடந்தாள். "நானே பூசினேன், எனக்கே தெரியல பாரேன்" என்று என் காதில் கிசுகிசுத்தாள். இருட்டத் தொடங்கியபோது ஆர்லோ நின்றுவிட்டார். போதும், பனிக்கே விட்டுவிடலாம் என்றார்.

அப்போதுதான் மாடுகளைப் பார்த்தேன். சரிவின் மேல் ஓரம், நாங்கள் இரண்டு தடவை தாண்டிப் போன இடத்தில், ஐந்தாறு பசுக்கள் வட்டமாகத் தலையைக் குனிந்து நின்றன. ஒன்று எதையோ ரசித்து நக்கிக்கொண்டிருந்தது. ஓடினோம். ஆர்லோவின் வியர்வை உப்பு ஊறிய தோல்வாரை அந்தப் பசு மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டிருந்தது. வெர்னா முதலில் பார்த்தது பூச்சைத்தான். எச்சிலைத் துடைத்துவிட்டு, "ஒரு கீறல் இல்ல" என்றாள். ஆர்லோ துப்பாக்கியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வண்டியில் ஏறும்போது பனி விழ ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் எல்லோரும் காபிக்குக் கூடினோம். இடையில் ஒரு முழு நாள், வெர்னா சொல்ல முடியாமல் வெந்துகொண்டிருந்தாள். தீவனக் கடை டூவேன் அவளைச் சீண்டத் தொடங்கினான். அவன் கடையில் துப்பாக்கியும் விற்பான், கறுப்பு மட்டும்.

"என்ன வெர்னா, உங்கண்ணனுக்குப் புல்லு பொம்மை போட்டுக் குடுத்தியாமே? பாவம், மனுஷன் வெளிய எடுக்க வெக்கப்பட்டுப் போர்வை போத்தி வெச்சிருக்காரு. அடுத்தது என்ன, பூவும் பட்டாம்பூச்சியுமா?"

மேசை முழுக்கச் சிரித்தது. வெர்னாவின் கழுத்தெல்லாம் சிவந்தது. மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள், தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான்.

ஆர்லோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"டூவேன், உங்கிட்ட வாங்கின கறுப்புத் துப்பாக்கியை ஒரு மைல் தூரத்துல இருந்தே நரி பாத்துச்சு. இவ பூசிக் குடுத்தத என் சொந்த மேட்டுல வெச்சுட்டு ரெண்டு நாள் தேடினேன். நான் தேடினேன், இவங்க ரெண்டு பேரும் வந்து தேடினாங்க. கடைசியில மாடு கண்டுபிடிச்சுது. அவ்வளவு நல்ல வேலை."

அடுத்த நொடி, 'படகு' லைல் எழுந்து ஆர்லோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷம் தனியாக இருந்த மனிதருக்குத் துணை கிடைத்த சந்தோஷம். காபி தீர்வதற்குள் ஆர்லோவுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. 'கண்ணாமூச்சி' ஆர்லோ. வெர்னா என் கைக்குட்டையைப் பிடுங்கி மூக்கைச் சிந்தினாள்.

வெளியே வந்ததும், ஏன் சொன்னாய் என்று அவள் கேட்டாள். ஆர்லோ தொப்பியை மாட்டிக்கொண்டார். "இன்னொரு துப்பாக்கி இருக்கு, கொண்டாரேன். அதையும் நல்லா பண்ணு. வாரை மட்டும் மாத்திராத" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்தப் பெயர் இனி அவர் கல்லறை வரை போகும். கடைத்தெருவில் யாராவது "ஏ, கண்ணாமூச்சி" என்று கூப்பிட்டால் ஆர்லோ முனகிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். பக்கத்தில் வெர்னா இருந்தால் அவளும் திரும்புவாள், தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதுபோல.