ஒரு டம்ளர் நீரு

தொண்ணூத்தாறாம் வருஷம், தோஹா ஆஸ்பத்திரி. என் ரூம்மேட் காதர் பாய்க்கு வயித்துக்குள்ள ஓடுற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி, அதை வெட்டி எடுத்து வேற குழாய் தைச்சிருந்தாங்க. வாயில எதுவும் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. மூணாம் நாள் உடம்பு கொதிச்சுது. "தம்பி, ஒரு வாய் தண்ணி"ன்னு கெஞ்சினார். எனக்கு இருப்புக்கொள்ளல. உட்காருவேன், எழுந்திருப்பேன், வராந்தாவுக்கு ஓடுவேன்.

மலையாள நர்ஸை மறிச்சு, "ஏன் சிஸ்டர் இப்படிக் கொதிக்குது?"ன்னு கேட்டேன். "நீராணு"ன்னு சொல்லிட்டு அவசரமா போயிட்டாங்க. தோஹாவுல நஜ்மா ஏரியாவுல ஆறு வருஷம் மலையாளிங்களோட கடையில நின்னவன், எனக்கா புரியாது? நீருன்னா தண்ணி, அது போதாமதான் காய்ச்சல்னு நானே முடிவு பண்ணி, ஒரு டம்ளர் முழுக்கக் குடுத்துட்டேன்.

வாந்தி எடுத்தார். புரையேறி முகம் நீலமாச்சு. ஓடிவந்த நர்ஸ் அவரைப் புரட்டி, தொண்டையில இருந்ததை மெஷின் வெச்சு உறிஞ்சி எடுத்தாங்க. அவருக்கு மூச்சு திரும்பினதும் நான் அவங்க மேலயே பாய்ஞ்சேன்.

"நீங்கதானே தண்ணின்னு சொன்னீங்க!"

"நீருன்னா எங்க பாஷையில வீக்கம், சேட்டா. இத்தனை பெரிய குழாயை வெட்டினா உடம்பு மொத்தமும் சண்டைக்கு நிக்கும், அந்தச் சூடுதான் காய்ச்சல். காப்பாத்தத்தான் வெட்டினாங்கன்னு அதுக்குத் தெரியாதல்லோ."

சொல்லிட்டு, ஈரப் பஞ்சால அவர் உதட்டை நனைச்சு விட்டாங்க.

காய்ச்சல் மயக்கத்துல தண்ணி குடிச்சது மட்டும்தான் காதர் பாய்க்கு ஞாபகம்; இன்னிக்கும் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்றார்: "அன்னைக்கு இவன் குடுத்த தண்ணிதான் என்னைப் பொழைக்க வெச்சுது." நான் மறுத்ததே இல்ல. அந்த சிஸ்டர் பேரைக்கூடக் கேட்டு வெச்சுக்கல.