உபதேசியார் வீட்டம்மாவுக்கு அடிக்காத மணி

என் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு சாவி தொங்குகிறது. சாண் நீளம், கனத்த இரும்பு, கைப்பிடி தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். எங்கள் கோயில் மணிக்கூண்டின் அடியில் இருந்த சின்ன அறையின் சாவி அது. கோயிலைப் புதுப்பித்தபோது பழைய மரக்கதவைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்தார்கள். மணிக்கயிற்றையும் அவிழ்த்தாயிற்று. இப்போது ஃபாதர் தன் அறையில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒலிபெருக்கியில் மணிச்சத்தம் கேட்கிறது. பூசைக்கும் அதே சத்தம், சாவுக்கும் அதே சத்தம். என் மனைவி இரண்டு மூன்று முறை அந்தச் சாவியைப் பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்த்தாள். நான் விடவில்லை. ஏதோ ஆசையாக வைத்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆசையெல்லாம் இல்லை.

சின்னசேலத்துக்கும் நைனார்பாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பகலில் தையற்கடை, காலையும் மாலையும் கோயில்பிள்ளை வேலை என்று இருபத்திரண்டு வருடம் ஓட்டினேன். கோயிலைத் திறப்பது, பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுவது, பூசை உடுப்புகளை எடுத்து வைப்பது, மணி அடிப்பது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஊரில் சாவு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. ஆண் என்றால் மும்மூன்றாக அடிக்க வேண்டும், பெண் என்றால் இரண்டிரண்டாக. மரவள்ளிக் கொல்லையில் களையெடுக்கிற பெண்கள் மணிச்சத்தம் கேட்டதும் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு எண்ணுவார்கள். வேதக்காரர்கள் என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, எல்லாரும் எண்ணுவார்கள். யார் வீட்டில் யார் படுக்கையில் கிடந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியுமாதலால், எண்ணி முடித்ததும் ஆளும் தெரிந்துவிடும். சாவு விழுந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்து விஷயத்தைச் சொல்வார், நான் போய்க் கதவைத் திறப்பேன், அவ்வளவுதான். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உபதேசியார் என்று நான் சொல்லப்போகிறவர், பாதிரிச் சாமியார் வர முடியாத இடங்களில் ஜெபம் நடத்தவும் ஜனங்களுக்கு ஜெபமந்திரம் சொல்லிக்கொடுக்கவும் எங்கள் கோயிலைச் சேர்ந்த ஊர்களில், அதாவது பங்கில், இருந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் துணிப்பையோடு கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்துக் கரியாலூரில் இறங்கி, இன்னும் ஐந்து கிலோமீட்டர் நடந்து எங்கள் மலைக்கோயிலுக்குப் போவார். கோயில் என்றால் ஓடு வேய்ந்த ஒரே அறை. முப்பது குடும்பம் இருக்கும். சாமை விதைப்பிலிருந்து பெண் கொடுக்கல் வரை எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்லும்போது, நாற்காலி போட்டாலும் அவர் ஜனங்களோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். இடுப்பு வலி என்று காரணம் சொல்வார். அது பொய் என்று அந்த மலை ஏறி இறங்கிய எல்லாருக்கும் தெரியும். கோபக்காரர், பிடிவாதக்காரர், பாட்டு மட்டும் சுத்தமாக வராது. அவர் பாட ஆரம்பித்தால் மலைக்காரர்கள் சத்தத்தைக் கூட்டி அவர் குரலை மூடிவிடுவார்கள்.

அவர் வீட்டம்மா, பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு வாரா வாரம் கொண்டுவந்து கொடுப்பவர். பேச்சுக் கம்மி. யாருக்குச் சாவு மணி அடித்தாலும் அந்த அம்மாள் வேலையை நிறுத்திவிட்டு, கடைசி மணி அடங்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருப்பார்.

அப்போது வந்த பங்குச்சாமியைப் பற்றி ஒரு நல்லதும் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். வந்த புதிதில் ஒருநாள் மலையில் பிரசவ வலியில் துடித்த பெண்ணைத் தன் ஜீப்பில் கிடத்தி, தானே ஓட்டிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். திரும்பி வந்து வண்டியின் இருக்கையில் இருந்த ரத்தத்தைக் குழாயடியில் தானே கழுவினார். நான் வாங்கப் போனேன், வாளியைக் கொடுக்கவில்லை. அந்த மனிதர் அவருக்குள்ளிருந்து எப்போது போனார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முதலில் நாங்கள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். பிறகு நாற்காலிக்கு வெள்ளைத்துணி போட்டோம். வெயிலுக்குக் குடை பிடித்தோம். அவர் வரும்போது எழுந்து நின்றோம், அவர் உட்காரச் சொல்லும் வரைக்கும் நின்றோம். ஒன்றையும் அவர் கேட்கவில்லை. கொஞ்ச நாளில், ஒன்று குறைந்தாலும் அவர் முகம் மாறத் தொடங்கியது.

மலைக்கோயில் திருநாள் அன்று காலை ஒன்பதுக்குப் பூசை. மலையில் வயதானவர்கள் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் நற்கருணை, வாங்கும் நாளில் முந்தைய இரவிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பார்கள். அப்படியெல்லாம் இப்போது சட்டமில்லை என்று உபதேசியார் எத்தனையோ முறை சொல்லியும் கேட்டதில்லை. சாமியும் நானும் ஜீப்பில் புறப்பட்டோம். வழியில் கள்ளக்குறிச்சியில் ஒரு பெரியமனிதர் வீட்டில் புதுமனைப் புகுவிழா. பத்து நிமிடம் என்று போனவர், பன்னிரண்டு மணிக்குத்தான் வெளியே வந்தார். மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கோயில் காலியாக இருந்தது. எல்லாரும் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் சோற்றுக்கையோடு எழுந்து நின்றார்கள். உபதேசியார் ஓடிவந்தார்.

"தோத்திரம் சாமி. ரெண்டு கெழவிங்க மயக்கம் போட்டு வுழுந்துட்டாங்க. அதான் நானே ஜெபத்த முடிச்சி, சாப்பிடச் சொல்லிட்டேங்க. இப்ப பூசை வெச்சாலும் எல்லாரும் வந்துடுவாங்க."

சாமி வண்டியைவிட்டு இறங்கவில்லை. "எனக்குப் பதிலா நீங்களே இருந்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார். வண்டி திரும்பியது. மரத்தடியிலிருந்து யாரோ எங்கள் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தது கண்ணாடியில் தெரிந்தது. அதை நான் சாமியிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் அறிவிப்பு வந்தது. உபதேசியார் சபைக்கு முன்னால் முழந்தாள் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கும் வரைக்கும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கோயில் காரியம் எதுவும் கிடையாது. உபதேசியார் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "பசிச்சவங்கள சாப்பிடச் சொன்னதுக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேங்க" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு வெளியே போனார். ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பீடத்துக்குப் பக்கத்தில் தூபக்கலசத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகும் அந்த அம்மாள் சனிக்கிழமை தோறும் பீடத்துணிகளைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. கோயிலுக்குள் வராமல் பின்கதவில் நின்று கொடுப்பார். ஒருநாள் துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். அப்போதே கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் செத்துப்பூட்டா எனக்கு மணி அடிப்ப இல்ல?"

"இன்னாம்மா பேச்சு இது? நான் இருக்கறப்ப அடிக்காம வுட்டுடுவனா?"

"இல்ல, சும்மா கேட்டேன். பூசை இல்லன்னாலும் பரவாயில்ல. கொல்லையில இருக்கறவங்க நம்பள எண்ணிக்கினா போதும்."

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம், நான் பூசை முடிந்து உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது உபதேசியார் வந்தார். தோளில் துண்டு இல்லை. காலில் செருப்பு இல்லை.

"அவ பூட்டா தம்பி. வந்து மணி அடி."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பத்தடி நடந்தால் கதவு. எத்தனை முறை யோசித்தாலும் அடுத்து என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. "சாமிய ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடறேங்க" என்றேன்.

சாமி சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கையை உதறிவிட்டு, "ஐயோ, எப்போ?" என்றார். அந்த ஐயோ உண்மையானது. எழுந்திருக்கவும் செய்தார். அப்போது நான், "மணி அடிக்கலாங்களா சாமி?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். மணியைப் பற்றி அவர் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அதுவும் தன் கையில்தான் இருக்கிறது என்பதை நான் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டார். மெதுவாக உட்கார்ந்தார். "அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்பா. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார்.

உபதேசியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். உள்ளே வந்தார். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் முழந்தாள் போட்டார். சபை முன்னால் மாட்டேன் என்றவர், எங்கள் இரண்டு பேர் முன்னால் போட்டார். "தப்புதாங்க சாமி. மன்னிச்சிடுங்க. அவளுக்கு மணி மட்டும் அடிக்கச் சொல்லுங்க" என்றார்.

சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இங்க இல்ல. ஞாயித்துக்கிழமை, எல்லாருக்கும் முன்னாடி."

அன்று செவ்வாய்க்கிழமை. அந்த அம்மாளைச் சாயங்காலமே அடக்கம் செய்தாக வேண்டும். உபதேசியார் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தார். அவருக்கு நிஜமாகவே இடுப்பு வலி இருந்ததோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கல்லறையில் ஜெபத்தை அவரே சொன்னார். ஊரில் எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே ஜெபம்தான், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கொல்லையில் இருந்தவர்கள் விஷயம் தெரிந்து ஓடிவந்தபோது மண் தள்ளி முடித்திருந்தோம்.

அடுத்த வருடமே சாமியை வேறு பங்குக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் ஒன்றும் பேசாமல் உபதேசியாரை மறுபடி மலைக்கு அனுப்பினார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டியா தம்பி என்று அவர் கேட்பார், சாப்பிட்டேங்க என்று நான் சொல்வேன். அந்த அம்மாள் போய் எட்டு வருடம் அப்படியே கழிந்தது.

பிறகு ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, அப்போதிருந்த இளம் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். பழைய சாமி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், அவர் வேலை பார்த்த எல்லாப் பங்கிலும் மணி அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மைக்கில் ஊருக்கும் அறிவித்துவிட்டு அவசரமாகக் கிளம்பிப் போனார். நான் மணிக்கூண்டுக் கதவைத் திறந்தேன். கயிற்றைப் பார்த்தேன். மறுபடி பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அடிக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது, ஃபாதர் ஊரில் இல்லை, யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

தடி ஊன்றிக்கொண்டு உபதேசியார் வந்தார்.

"இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற? மணி அடிக்கல?"

"மனசு வரலீங்க."

"செத்தவருக்கு மணி அடிக்கறதுக்கு மனசு எதுக்கு? சாவி குடு."

"உங்களுக்குப் போயி அவரு..." என்று ஆரம்பித்தவன் உடைந்துபோனேன். "அவரு மணிய நெனக்கவே இல்லீங்க. நாந்தான் போயி கேட்டேன். கேக்காமலே அடிச்சிருக்கலாம்."

"தெரியும் தம்பி" என்றார் உபதேசியார். "அன்னிக்கே தெரியும்." கையை நீட்டியபடியே நின்றார். நான் சாவியைக் கொடுத்தேன்.

அவரே கயிற்றைப் பிடித்து இழுத்தார். மும்மூன்றாக, நிதானமாக, ஒன்றும் குறைக்காமல் அடித்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் கயிற்றை விடவில்லை. நெற்றியைக் கயிற்றில் சாய்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி இழுத்தார். இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு. அவர் கை தளர்ந்தபோது நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது, கொல்லையிலிருந்து களைக்கொத்தோடு ஒரு பெண் வேலியோரம் வந்து நின்றாள்.

"இன்னாண்ணே, ஆம்பள மணி பழைய சாமிக்குன்னு தெரியும். பொம்பள மணி யாருக்கு?"

"உபதேசியார் வூட்டம்மாவுக்கு."

"அவங்க பூட்டு எட்டு வருசம் ஆவுதே?"

"ஆமாம்மா. மணி இன்னிக்குத்தான்."

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு எடுத்துக்கொண்டு போனாள்.

உபதேசியாரும் போன வருடம் இறந்துபோனார். செய்தி வந்ததும் பழக்கத்தில் ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். யாரையும் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. உள்ளே ஃபாதர் பொத்தானை அமுக்கியிருந்தார், ஒலிபெருக்கியில் மணி ஓடிக்கொண்டிருந்தது. ஆணா பெண்ணா என்று அதில் தெரியவில்லை. கொல்லையில் யாரும் எண்ணவில்லை. அது தானாக நிற்கும் வரைக்கும் நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.